பிண ஈயும் மரண காலமும்: ஆய்வுக்கூட வளர்ப்பைப் பற்றிய ஒரு மதிப்பீடு

இறந்து சில நாள் கழித்துக் கண்டெடுக்கப்படும் பிரேதத்தில் நெளியும் புழுக்களின் வயதைக் கொண்டு மரணம் நேர்ந்த காலத்தைக் கணிக்க முடியுமா என்ற கேள்விக்கு, முடியும் என்பதே ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டாக விஞ்ஞானிகள் சொல்லிவரும் பதில். ஆனால் அந்தப் புழுவின் வயதை எவ்வாறு அறிவது என்று அடுத்த கேள்வியைப் போட்டால் அபிப்பிராயங்கள் பிரிந்துவிடுகின்றன. பிரேதத்துப் புழுவுக்கு ஜாதகம் கணித்து வைத்தவர் யாருமில்லை. ஆகையால் அதே இனத்து ஈயை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, இன்ன உஷ்ணத்தில் இத்தனை மணி நேரத்தில் இந்த அளவை எட்டுகிறது என்று அட்டவணை போட்டு, அதனோடு பிரேதத்துப் புழுவை ஒப்பிட்டே வயது சொல்ல வேண்டியிருக்கிறது. ஆக, ஒரு மனிதனுடைய விடுதலையோ தண்டனையோ சில வழக்குகளில், எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தின் வலைக் கூண்டில் பிறந்து கல்லீரலைத் தின்று வளர்ந்த புழுக்களின் பேரில் நிற்கிறது. கூண்டில் கண்ட கணக்கு, வயலிலும் புதரிலும் பூட்டிய அறையிலும் கிடக்கும் பிரேதத்துக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே இங்கு எடுத்துக்கொண்ட விஷயம்.

பிண ஈ என்று இக்கட்டுரையில் சொல்வது, உடல் பச்சையாகவோ நீலமாகவோ உலோகம்போல் மின்னும் கலிபோரிடே என்ற குடும்பத்து ஈக்களை. மீன் அங்காடியிலும் இறைச்சிக் கடையிலும் அவற்றைக் காணாதவர் இரார்.

கேள்வியின் பழைமை

ஈயைச் சாட்சியாகக் கொண்ட முதல் வழக்கைச் சொல்லப் புகுந்தவர்கள் அனைவரும் சீன தேசத்து நீதி அதிகாரி சுங் சியிடம் போவது வழக்கம். 1247-இல் அவர் எழுதிய மரண விசாரணை நூலில், அரிவாளால் வெட்டுண்டு இறந்த ஒருவனைப் பற்றிய விசாரணையில் ஊரார் தத்தம் அரிவாள்களைக் கொணர்ந்து தரையில் வைக்க, கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கறை ஒட்டியிருந்த ஓர் அரிவாளை மட்டும் ஈக்கள் மொய்த்தன என்ற செய்தி வருகிறது. கதை சுவையானதே, எனினும் நம்முடைய பிரச்சினைக்கு அது பூர்விகம் ஆகாது. அங்கே ஈ இடத்தைக் காட்டிற்று, காலத்தைக் காட்டவில்லை. உண்மையான பூர்விகம் இத்தாலியில், பிரான்செஸ்கோ ரேடி 1668-இல் வெளியிட்ட பரிசோதனைகளில் இருக்கிறது. திறந்த பாத்திரத்து இறைச்சியில் புழு உண்டாவதையும், மூடிய பாத்திரத்தில் உண்டாகாததையும் காட்டிய அவர், புழுக்களை வைத்திருந்து அவை ஈயாவது வரையில் கவனித்தார். அழுகலில் புழு தானாகப் பிறக்கிறது என்ற பழைய நம்பிக்கை தகராதிருந்தால், புழுவுக்கு வயது உண்டு என்ற எண்ணமே தோன்றியிராது.

வயதிலிருந்து மரண காலத்துக்குத் தாவியவர் பிரெஞ்சு வைத்தியர் பெர்ஜெரே. ஆர்புவா என்ற ஊரில் ஒரு வீட்டைப் பழுதுபார்த்தபோது, 1850-இல், கணப்பின் மேடைக்குப் பின்னால் உலர்ந்துபோன ஒரு சிசுவின் உடல் அகப்பட்டது. அதிலிருந்த ஈக்கூடுகளையும் அந்துப்பூச்சிப் புழுக்களையும் கொண்டு, மரணம் 1848-இல் நிகழ்ந்திருக்க வேண்டும் என்று அவர் தீர்மானித்து, 1855-இல் அதை வெளியிட்டார். சந்தேகம் அப்போது குடியிருந்தவர்களை விட்டு முன்பு குடியிருந்தவர்கள்மேல் விழுந்தது. அவருடைய அனுமானத்தின் அஸ்திவாரமோ பலவீனமானது: முட்டையிலிருந்து ஈயாக மாறப் பருவங்கள் பல கடந்து ஆண்டுக்கணக்கில் ஆகும் என்று அவர் கொண்டார். சில வாரங்கள் ஓர் ஈயை வளர்த்துப் பார்த்திருந்தால் அந்தப் பிழை நேர்ந்திராது. ராணுவக் கால்நடை வைத்தியராயிருந்த மெஞன், 1894-இல் வெளிவந்த பிரசித்தமான நூலில், பிரேதத்துக்குப் பூச்சிகள் எட்டு அலைகளாக வந்து சேர்கின்றன என்று வகுத்தார். மாதங்கள், ஆண்டுகள் என்று நீளும் காலத்துக்கு அவர் வழி ஒருவாறு உதவும். முதல் இரண்டு மூன்று வாரங்களின் நாள் கணக்குக்கு உதவாது. அந்த இடைவெளியை நிரப்பவே வளர்ப்புக் கூண்டு வந்தது.

கூண்டின் பூர்விகம்

ஈ வளர்ப்புக் கலை தடயவியலுக்காகப் பிறந்ததன்று என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஆஸ்திரேலியாவில் ஆட்டு மந்தைகளின் உடலில் முட்டையிட்டு அவற்றை உயிரோடு அரிக்கும் பச்சை ஈயை ஒடுக்கும் முயற்சியில், மேபல் ஜோசபைன் மக்கராஸ் என்ற அம்மையார் 1933-இல் இந்த ஈக்களின் உணவுத் தேவையையும் கருவளத்தையும் பற்றி விரிவாக எழுதினார். அதே காலத்தில் அமெரிக்காவின் பால்டிமோரில் வில்லியம் பேயர், எலும்பில் ஆழ்ந்த புண்களைக் கிருமியற்ற புழுக்களைவிட்டுச் சுத்தம் செய்யும் சிகிச்சையை நடத்தி வந்தார்; அதற்காகப் புழுக்கள் பெருவாரியாக வளர்க்கப்பட்டன. கால்நடைகளைத் தாக்கும் திருகுப்புழு ஈயை மலடாக்கி விடுவதற்குக் கோடிக்கணக்கில் வளர்த்த முறை பின்னால் வந்தது. 1954-இல் குரசாவோ தீவில் அது வெற்றி கண்டது. இம்மூன்று துறைகளின் நோக்கமும் ஒன்றே: நிறைய, கொழுத்த, ஒரே சீரான புழு. தடயவியலுக்கு வேண்டியதோ, பிரேதத்தில் உண்மையாக எப்படி வளருமோ அப்படி வளர்ந்த புழு. கடன் வாங்கிய கருவி கடன் கொடுத்தவனுடைய நோக்கத்தையும் உடன் கொண்டுவந்துவிடுகிறது. பின்னால் எழுந்த சர்ச்சைகளில் பாதிக்கு இதுவே மூலம் என்று எண்ண இடமிருக்கிறது.

முறை சுருக்கமாக இது. மெல்லிய வலை போர்த்திய கூண்டில் ஈக்களை விட்டுச் சர்க்கரையும் தண்ணீரும் எந்நேரமும் வைக்கின்றனர். சர்க்கரை உயிரைக் காக்குமே தவிர, பெண் ஈயின் வயிற்றில் முட்டை முதிர்வதற்குப் புரதம் வேண்டும். ஆகவே சில நாள் கல்லீரல் துண்டை வைத்து நக்கவிடுகின்றனர். பிறகு முட்டையிடுவதற்கென்று ஒரு துண்டை ஓரிரு மணி நேரம் மட்டும் வைத்து எடுத்துவிடுவது முக்கியம். அதற்குமேல் வைத்தால் முட்டைகளின் வயதில் வித்தியாசம் ஏற்பட்டு முதற்கோணலாகிவிடும். கல்லீரலின் மடிப்பிலும் இடுக்கிலும், நீண்டு வெளுத்த முட்டைகள் கொத்துக் கொத்தாய் ஒட்டியிருக்கும். ஓர் ஈ ஒரு முறையில் இருநூறுவரை இடக்கூடும். அவற்றை நனைந்த காகிதத்தின்மேல் புதிய கல்லீரலோடு கிண்ணத்தில் இட்டு, கிண்ணத்தை மரத்தூள் பரப்பிய பெட்டியில் வைக்கின்றனர். புழு இரண்டு முறை தோலுரித்து மூன்று பருவங்களைக் கடக்கிறது. அதன் பின்பக்கத்தில் மூச்சுத் துளைகளின் தட்டில் உள்ள பிளவுகளே பருவத்துக்கு அடையாளம்: முதற் பருவத்தில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, மூன்றாவதில் மூன்று. தின்று தீர்த்த புழு கிண்ணத்தின் சுவரேறி மரத்தூளுக்குள் இறங்கிச் சுருங்கி, தன் தோலே கெட்டிப்பட்டு ஓடாகி, செந்நிறத்திலிருந்து கறுத்துக் கூட்டுப்புழுவாகிறது. அந்த அறையின் நாற்றத்தை அட்டவணைகள் சொல்வதில்லை.

ஒரே உஷ்ணம் என்ற பக்ஷம்

பூச்சியின் உடலுக்குத் தனக்கென்று உஷ்ணம் கிடையாது. சூழ்நிலையின் உஷ்ணமே அதன் வளர்ச்சி வேகத்தை நிர்ணயிக்கிறது. வளர்ச்சிக்கு வேண்டிய உஷ்ணத்தை நாளாலும் பாகையாலும் பெருக்கிக் கூட்டிக் கணக்கிடலாம் என்ற கருத்து பிரான்சில் ரேயோமூர் 1735-இல் தாவரங்களைக் குறித்துச் சொன்னது. அந்தக் கருத்தை ஏற்றவர்கள், ஈயை ஸ்திரமான உஷ்ணத்தில் வளர்த்து ஒவ்வொரு பருவத்துக்கும் ஆகும் மணி நேரத்தைக் குறித்தனர். இவ்வகையில் வெகுகாலம் ஆதாரமாயிருந்தது, அமெரிக்காவில் கமால் என்பவர் 1958-இல் வெளியிட்ட ஆய்வு. பிரேதத்தை நாடும் 13 இன ஈக்களை அவர் 26.7 பாகை செல்சியஸில் வளர்த்து ஒப்பிட்டார். சிகாகோவின் பெர்னார்ட் கிரீன்பெர்க் 1991-இல் வேறு உஷ்ணநிலைகளுக்கும் எண்கள் கொடுத்தார். வியன்னாவில் ரைட்டர் 1984-இல் நீல ஈக்கும், அவரும் கிராஸ்பெர்கரும் 2001-இல் லூசிலியா செரிகாட்டா என்ற பச்சை ஈக்கும் வரைந்த படங்கள், புழுவின் நீளத்தையும் உஷ்ணத்தையும் தெரிந்துகொண்டால் வயதை ஒரே பார்வையில் படிக்க வழி செய்தன.

இப்பக்ஷத்தின் பலம் அதன் எளிமை. நியாயஸ்தலத்தில் எடுத்துச் சொல்லவும் குறுக்கு விசாரணையில் தாங்கவும் எளிமை வேண்டும். பலவீனமும் அங்கேயே இருக்கிறது. கூட்டல் கணக்குக்கு அடிப்படை, வளர்ச்சி நின்றுவிடும் ஓர் அடிமட்ட உஷ்ணம். அந்த மட்டத்தை நேரே கண்டவர் அரிது, நடு உஷ்ணங்களில் கிடைத்த புள்ளிகளை நேர்கோட்டால் கீழே நீட்டியே அதை அனுமானிக்கின்றனர். குளிர் மிகுந்த இடத்திலும் வெயில் மிகுந்த இடத்திலும் கோடு வளைந்துவிடுகிறது. மார்கழியில் ஊட்டியிலும் சித்திரையில் வேலூரிலும் கிடக்கும் இரண்டு பிரேதங்களுக்கு இந்தக் கணக்கின் நம்பகம் ஒன்றாக இராது.

மாறும் உஷ்ணமும் புழுத்திரளும்

உலகத்தில் எந்தப் பிரேதமும் ஸ்திர உஷ்ணத்தில் கிடப்பதில்லை என்பது மாற்றுப் பக்ஷத்தாரின் வாதம். பகலில் ஏறி இரவில் இறங்கும் உஷ்ணத்தின் சராசரியை எடுத்து ஸ்திர உஷ்ண அட்டவணையில் பொருத்தினால் விடை சரியாக வருமா? ஏறியிறங்கும் நிலையில் வளர்ச்சி தாமதப்படக் கண்டதாகக் கிரீன்பெர்க் எழுதினார். ஜெர்மனியில் நீடரெக்கர் முதலியோர் 2010-இல் பல இனங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, இனத்துக்கு இனம் விளைவு மாறுவதைக் கண்டனர். வளைகோட்டின் எப்பகுதியில் உஷ்ணம் ஊசலாடுகிறது என்பதைப் பொறுத்துச் சராசரிக் கணக்கு வேகமாகவோ தாமதமாகவோ தவறக்கூடும் என்ற விளக்கம் ஏற்கத்தக்கதே. ஆனால் அதைத் திருத்திக்கொடுக்கும் பொதுச் சூத்திரம் ஒன்று இன்னும் எல்லோராலும் ஒப்புக்கொள்ளப்படவில்லை.

இதைவிடக் கடினமானது புழுக்களே உண்டாக்கும் சூடு. ஆயிரக்கணக்கான மூன்றாம் பருவப் புழுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரண்டு தின்னும்போது, திரளின் உட்புறம் வெளிக்காற்றைவிடப் பத்து, இருபது பாகை அதிகமாகி 40 பாகையையும் தாண்டுவது பன்முறை அளக்கப்பட்டிருக்கிறது. குளிரூட்டும் பெட்டியில் வைத்த பிரேதத்தின் புழுக்கூட இந்தச் சூட்டால் வளர்ந்துகொண்டிருக்கலாம். கிண்ணத்துக்கு ஐம்பது, நூறு என்று எண்ணி வளர்க்கும் ஆய்வுக்கூடத்தில் இச்சூடு அநேகமாகத் தோன்றுவதில்லை. திரளைத் தவிர்த்ததால் கிடைத்த சுத்தமான எண்ணை, திரள் நிறைந்த பிரேதத்துக்கு எடுத்துச்செல்வது நியாயமா? சிறிய திரளாயிருந்தால் வித்தியாசம் அற்பம் என்றும், திரளின் கனபரிமாணத்தை அளந்தால் சூட்டை மதிப்பிடலாம் என்றும் சிலர் சொல்கின்றனர். புழு திரளின் நடுவிலேயே இராமல் ஓரத்துக்கும் நடுவுக்குமாக ஓயாமல் இடம்பெயர்வதால், தனிப்பட்ட ஒரு புழு அனுபவித்த உஷ்ணத்தை எவ்வாறு எழுதுவது என்ற கேள்வி மிச்சமாகவே நிற்கிறது.

கல்லீரல் என்ற சம்பிரதாயம்

வளர்ப்பவர்கள் கல்லீரலைத் தேர்ந்தது, அது மலிவாகவும் ஈரமாகவும் கடையில் எந்நாளும் கிடைப்பதாலேயன்றி வேறு பெரிய காரணத்தால் அன்று. 2004-இல் கணேசராஜாவும் டர்னரும் நீல ஈயின் புழுக்களைப் பல உறுப்புகளில் வளர்த்துப் பார்த்தபோது, கல்லீரலில் வளர்ந்தவை மூளை, நுரையீரல், சிறுநீரகம், இதயம் ஆகியவற்றில் வளர்ந்தவற்றைவிடப் பின்தங்கின. 2006-இல் கிளார்க், எவன்ஸ், வால் மூவரும் பச்சை ஈயில் இதே போக்கைக் கண்டதோடு, மாட்டுத் தசையைவிடப் பன்றித் தசையில் வளர்ச்சி விரைவு என்றும் காட்டினர். பல அட்டவணைகளுக்கு அளவுகோலாயிருந்த உணவே மந்தமான உணவாகப் போனது இத்துறையின் விசித்திரங்களில் ஒன்று. மனிதப் பிரேதத்தில் ஈ முதலில் நாடுவது கண், மூக்கு, வாய், காயம் ஆகிய இடங்களை. அங்கே கல்லீரல் இல்லை.

இறந்தவன் உட்கொண்ட பொருளும் புழுவுக்கு உணவாகிறது. ஹவாயில் லீ காஃப் முதலியோர் 1989-இல், கொக்கேன் ஏற்றிய முயல்களின் கல்லீரலில் வளர்ந்த சதை ஈப்புழுக்கள் விரைந்து வளர்ந்ததைக் கண்டனர். பிரான்சில் பூரெல் முதலியோர் 1999-இல், மார்பின் ஏற்றிய முயல்களில் பச்சை ஈப்புழு தாமதப்பட்டதைக் கண்டனர். இப்படிப்பட்ட ஆய்வுகள் எண்ணிக்கையில் பெருகியிருந்தாலும், முயலுக்குக் கொடுத்த மாத்திரை அளவை மனிதனுக்குப் பெயர்ப்பது எளிதன்று. இவற்றை எச்சரிக்கையாகக் கொள்ளலாம், திருத்தக் கணக்காகக் கொள்ளலாகாது.

ஊரும் வம்சமும்

ஒரே இனம் என்றால் ஒரே வேகம் என்ற நம்பிக்கையும் தளர்ந்திருக்கிறது. 2010-இல் காலகர், சாந்து, கிம்சி ஆகியோர் கலிபோர்னியாவிலிருந்தும் மாசசூசெட்ஸிலிருந்தும் கொணர்ந்த பச்சை ஈக்களை ஒரே நிலைமையில் வளர்த்தும் அவற்றின் வளர்ச்சிக் காலம் வேறுபட்டது. எடின்பரோவில் சாண்டர்ஸ் நெடுங்காலம் ஆராய்ந்த நீல ஈயிலோ, குறுகிய பகலை அனுபவித்த தாயின் புழுக்கள் தின்று முடித்தபின் வளர்ச்சியை நிறுத்தி உறங்கிவிடுகின்றன. ஆய்வுக்கூடங்களில் பதினாறு மணி வெளிச்சம், எட்டு மணி இருட்டு என்று பெரும்பாலும் வைப்பதால் இந்த உறக்கம் கூண்டில் தலைகாட்டுவதேயில்லை. இலையுதிர் காலத்துப் பிரேதத்தில் தலைகாட்டக்கூடும். மேலும், தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் வாழும் வம்சம், விரைவாக வளர்ந்து விரைவாக முட்டையிடுவனவற்றையே வளர்ப்பவர் அறியாமல் பொறுக்கியெடுத்த வம்சமாகிவிடும். அவ்வப்போது வெளியிலிருந்து புது ஈக்களைச் சேர்ப்பது நல்ல வழக்கம். எத்தனை தலைமுறைக்கு ஒருமுறை என்பதில் ஒற்றுமை இல்லை.

பல இனங்கள் கூடி வாழும்போது இன்னொரு சிக்கல். நம் நாட்டில் சாதாரணமான கிரைசோமியா ரூஃபிஃபேசிஸ் என்ற ஈயின் மயிர்ப்புழு, மற்ற இனங்களின் புழுக்களைக் கொன்று தின்னும். தனியினமாக வளர்த்த கூண்டில் இந்த வேட்டைக்கு இடமேது?

அளவையும் எண்ணிக்கையும்

உயிருள்ள புழுவை நேரே சாராயத்தில் போட்டால் கறுத்துச் சுருங்கும். ஆடம்ஸும் ஹாலும் 2003-இல் காட்டியபடி, கொதிக்காத, ஆனால் 80 பாகைக்கு மேற்பட்ட வெந்நீரில் கொன்று பிறகு 80 சதவீதச் சாராயத்தில் வைத்தால் நீளம் நிலைக்கிறது. தின்று முடித்த புழு தானே சுருங்குவதால், ஒரே நீளம் இரண்டு வயதுகளைக் குறிக்கலாம் என்பதும் கவனிக்கத்தக்கது. இவற்றைவிட ஆழமான குறை எண்ணிக்கையில். ஒரே கிண்ணத்தில் வளர்ந்த ஐந்நூறு புழுக்களை அளந்தவர் ஐந்நூறு சாட்சிகளைப் பெற்றதாக எண்ணிவிடுகிறார். அவை ஒரே உணவையும் ஒரே மூலையின் சூட்டையும் பகிர்ந்தவை, ஆகவே உண்மையில் ஒரு சாட்சிதான். பழைய அட்டவணைகள் பல, சராசரியை மட்டும் சொல்லிப் பரவலைச் சொல்லாமல் விட்டவை. அமெரிக்காவில் டாரோனும் ஃபோரனும் செய்த ஆய்வுகள், அளப்பதற்காகப் புழுக்களைக் கலைப்பதும் உணவின் ஈரமுங்கூட வளர்ச்சியை மாற்றும் என்று 2006-லேயே சுட்டின.

நியாயஸ்தலத்தில்

1935-இல் ஸ்காட்லாந்தில் மாஃபட் அருகே ஓடையில் கண்டெடுத்த இரண்டு பெண்களின் உடற்பகுதிகளில் இருந்த நீல ஈப்புழுக்கள் 12 முதல் 14 நாள் வயதுடையவை என்று கிளாஸ்கோவின் அலெக்சாண்டர் மியர்ன்ஸ் சொன்னார். டாக்டர் பக் ரக்ஸ்டன் தண்டிக்கப்பட்ட அந்த வழக்கில் மற்றச் சாட்சியங்களோடு அது இசைந்து நின்றது. இசைந்து நின்றபடியால் கணக்கு சோதனைக்குள்ளாகவில்லை. கனடாவில் 1959-இல் 14 வயதுச் சிறுவனாயிருந்த ஸ்டீவன் ட்ரஸ்காட்டுக்கு மரண தண்டனை விதித்து, பிறகு குறைத்த வழக்கில் நிலைமை வேறு. அவ்வாண்டு பிரேதத்திலிருந்து எடுத்து வளர்த்த புழுக்களைப் பற்றிய குறிப்புகளை, 47 ஆண்டுகள் கழித்து 2006-இல் மேல்முறையீட்டு மன்றத்தில் பூச்சியியல் நிபுணர்கள் மறுபடி படித்தனர், படித்தவர்கள் ஒருமைப்படவில்லை. 2007-இல் மன்றம் அவரை விடுவித்தது. அவ்வழக்கில் சாட்சியம் சொன்ன வான்லேர்ஹோவன், இறந்த நேரம் முன்பே தெரிந்த சடலங்களைக் கொண்டு, அந்த நேரத்தைக் கணிப்பவருக்கு மறைத்துவைத்து ஒரு சோதனை நடத்தி, எந்த ஆய்வுக்கூடத்தின் எண்களைத் தேர்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுவதை 2008-இல் வெளியிட்டார். இத்தகைய சோதனைகள் இன்னும் அரிதாயிருப்பது இத்துறைக்குப் பெருமையன்று.

எஞ்சி நிற்பவை

எல்லாப் பக்ஷங்களையும் நிறுத்துப் பார்க்கும்போது, கூண்டு வளர்ப்பைப் பயனற்றது என்று தள்ளுவோர் பக்கமும், அதன் எண்ணை மரண நேரம் என்று எடுத்துக்கொள்வோர் பக்கமும் சேர இயலவில்லை. புழுவின் வயது, மரணத்திலிருந்து கழிந்த காலத்தின் குறைந்தபட்ச எல்லை மட்டுமே. மரணத்துக்கும் முதல் முட்டைக்கும் இடையிலுள்ள காலம் கூண்டுக்கு வெளியே இருக்கிறது. டாம்பர்லின் முதலியோர் 2011-இல் இவ்விரண்டு காலங்களையும் தனித்தனியே பேச வேண்டும் என்று வற்புறுத்தியது சரியே. இரவில் ஈ முட்டையிடுமா என்ற சிறிய கேள்விகூட முடிந்தபாடில்லை: சிகாகோவில் கிரீன்பெர்க்கும், பாட்டியாலாவில் சிங்கும் பார்த்தியும், இடுவதைக் கண்டதாக எழுதினர், வேறிடங்களில் தேடியவர்கள் அரிதாகவே கண்டனர். கூட்டுப்புழுவின் வயதை மரபணுக்களின் இயக்கத்தைக் கொண்டு கணிக்கும் புதிய வழி நம்பிக்கை தருகிறது, ஆயினும் அதற்கும் அளவுகோல் கூண்டில் வளர்த்த கூட்டுப்புழுவே.

நம் பகுதியின் நிலையைச் சொல்வதானால், கிண்டி கிங் நிலையத்தில் பணியாற்றிய பேட்டனும் கிராக்கும் 1913-இல் மருத்துவப் பூச்சியியல் நூல் வெளியிட்டதும், பிரிட்டிஷ் இந்தியாவின் பிண ஈக்களை விவரிக்கும் தொகுதி 1940-இல் வந்ததும், இனங்களை அறிவதற்கு நல்ல தொடக்கமாயின. இங்குப் பிரேதத்தில் முதலில் வருவனவற்றுள் முக்கியமான கிரைசோமியா மெகாசெபலாவின் வளர்ச்சியைப் பஞ்சாபிலும் வேறு நாடுகளிலும் அளந்திருக்கின்றனர். அந்த எண்களைத் தஞ்சாவூர் ஈக்கு அப்படியே பொருத்தலாகாது என்பதே மேலே கண்ட ஆராய்ச்சிகளின் சாரம். ஆகவே பல்கலைக்கழகங்கள் தத்தம் ஊர் ஈயைத் தத்தம் ஊர் வெயிலில் வளர்த்துப் பரவலோடு எண்களை வெளியிட வேண்டும். பிரேதப் பரிசோதனை செய்யும் டாக்டர்களும் போலீஸாரும், புழுக்களை அருவருத்துக் கழுவிவிடாமல், பாதியை வெந்நீரில் கொன்று சாராயத்தில் இட்டும், மறுபாதியை உயிரோடு வளர்க்க அனுப்பியும், கிடந்த இடத்தின் உஷ்ணத்தையும் புழுத்திரளின் உஷ்ணத்தையும் அன்றே குறித்தும் வைக்க வேண்டும்; அதற்கு வேண்டியது ஒரு வெப்பமானியும் இரண்டு புட்டிகளுமே.